சரவாங்கியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புத்தகத்தில் முடக்குவாதம் என்று இருக்கும். எங்கள் திண்டுக்கல் பக்கம் சரவாங்கி என்பார்கள். டாக்டர் சீட்டில் ஆர்.ஏ. என்று எழுதுவார். மூன்றும் ஒன்றுதான்: உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டுகளையே தாக்குகிற நோய். எனக்கு 31 வயதில் வந்தது, இப்போது 47. மாதம் ஒரு தடவை மதுரைக்குப் பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, ஓ.பி. பெஞ்சில் உட்காருகிறேன்.

அந்தப் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மருந்தைப் பற்றி இல்லை. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது, இதைக் கேட்கலாமா, கேட்டால் கோபித்துக்கொள்வாரா என்பதுதான். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதில்களைச் சேர்த்திருக்கிறேன். லூபஸ், சர்க்கரை, கிட்னி, வலிப்பு என்று வேறு நாள்பட்ட நோயோடு இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். நான் டாக்டர் இல்லை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

"டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது? அவர் சொல்றதைக் கேட்டா போதாதாக்கா?"

நோயைப் பற்றி அவருக்குத்தான் தெரியும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த நோய் உங்கள் உடம்பை என்ன பாடு படுத்துகிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் சொல்லிவிடும். சரவாங்கியில், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் நார்மலாக இருக்கும்போதே மூட்டு வீங்கி வலிப்பதுண்டு. அன்றைக்கு நீங்கள் வாய் திறக்காவிட்டால், ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று அதே மருந்து தொடரும்.

என் கதையையே சொல்கிறேன். நோய் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று கணக்கெடுக்க டாக்டர்கள் 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து எண்ணுவது வழக்கம். தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால். அந்த 28-இல் கணுக்காலும் பாதமும் கிடையாது. எனக்கோ வீக்கம் அதிகம் இருந்தது கால்விரல்களின் அடியில்தான். கூழாங்கல் மேல் நடப்பதுபோல இருக்கும். ஏறக்குறைய இரண்டு வருடம் நான் அதைச் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை. ஒரு நாள் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினேன். அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்து மருந்தை மாற்றினார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஆச்சி சொல்வது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"உள்ளே போனா ரெண்டு நிமிஷம்தான். அதுக்குள்ள என்னத்தைச் சொல்ல?"

முந்தின நாள் ராத்திரியே எழுதி வைத்துவிடுங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். அந்தத் தாளில் மூன்று விஷயத்துக்குத்தான் இடம் இருக்கும், அதுவே நல்லது. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாறியிருக்கிறது, என்ன வேலை செய்ய முடியவில்லை, நான் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

உட்கார்ந்ததும் "மூணு விஷயம் சொல்லணும் சார்" என்று ஆரம்பியுங்கள். எத்தனை என்று சொல்லிவிட்டால் பெரும்பாலான டாக்டர்கள் மூன்றையும் கேட்டுவிடுவார்கள். முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். நம்மில் பலர் எழுந்து கதவுவரை போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "அப்புறம் டாக்டர், பத்து நாளா மூச்சு வாங்குது" என்பார்கள். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்திருக்கும்.

"வலிக்குதுன்னு சொன்னா, 'இந்த நோய்ல வலி இருக்கத்தான் செய்யும்'ங்கிறாங்க. எப்படிச் சொன்னா எடுபடும்?"

வலியை அளக்க முடியாது. முடியாமல் போன வேலையை அளக்க முடியும். "ரொம்ப வலி" என்பதைவிட "சேலைக் கொசுவம் மடிக்க முடியல, மூணு வாரமா நைட்டியோடதான் இருக்கேன்" என்பது டாக்டருக்கு நிறையச் சொல்லும். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறேன், குழாயைத் திருக மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க முடியவில்லை என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

காலையில் எழுந்த பிறகு கை கால் இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். "போன மாசம் அரை மணி நேரம், இப்ப ஒன்றரை மணி நேரம்" என்பதை வைத்து மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று அவரால் ஓரளவு சொல்ல முடியும். ஆறு மணிக்கு வீங்கியிருக்கும் விரல், பதினொரு மணிக்கு உங்கள் டோக்கன் வரும்போது வடிந்திருக்கலாம். அதனால் காலையிலேயே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதைப் பெண்களுக்குச் சொல்கிறேன். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, "எப்படி இருக்கீங்க" என்றதும் சிரித்துக்கொண்டே "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வார்த்தை அது. அந்த அறையில் அதைச் சொல்லாதீர்கள். ஃபைலில் அதுதான் ஏறும்.

"கேள்வி கேட்டா டாக்டர் கோவிச்சுக்கிறார். அடுத்த தடவை சரியாப் பாக்காம விட்டுட்டா?"

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. பல வருடம் கவனித்ததில் சொல்கிறேன், அவர்களை எரிச்சல்படுத்துவது பெரும்பாலும் கேள்வி இல்லை, கேட்கும் விதமும் வெளியே நிற்கும் கூட்டமும்தான். "நெட்ல பார்த்தேன், இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்குமாமே" என்றால் சண்டைக்கு வருவதுபோல இருக்கிறது. "ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடறேன் சார், கண் டெஸ்ட் எப்ப எடுக்கணும்?" என்றால் பதில் வரும். இரண்டும் ஒரே கவலைதான். ஆரம்பத்தில் ஒரு தடவையும், பிறகு அவர் சொல்லும் இடைவெளியிலும் அந்த மருந்துக்குக் கண் பரிசோதனை உண்மையிலேயே வேண்டும் என்பதால், கேட்கத்தான் வேண்டும்.

மரியாதையாகக் கேட்டும் ஒருவர் ஒவ்வொரு தடவையும் எடுத்தெறிந்து பேசினால், தப்பு உங்களிடம் இல்லை. டாக்டரை மாற்றுங்கள். இது வாழ்நாள் முழுக்க வரும் நோய். பயந்து பயந்து எத்தனை வருடம் போவீர்கள்?

"எனக்கு இங்கிலீஷ் வராது. சீட்டுல என்ன எழுதியிருக்குன்னே புரியலை."

படித்தவர்களுக்கே புரிவதில்லை, வெட்கப்பட ஒன்றும் இல்லை. மருந்தின் பொதுப்பெயரைப் படிக்கிறமாதிரி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. "இதைக் கொஞ்சம் தெளிவா எழுதித் தாங்க" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சரவாங்கிக்காரர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது. நமக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டியது. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் பார்க்க அதே மாதிரி மஞ்சளாக, சின்னதாக இருந்துவிடுவதுண்டு. பெஞ்சில் பழக்கமான ஒரு அம்மா இரண்டையும் மாற்றி ஆறு நாள் சாப்பிட்டுவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் அட்மிட் ஆனார். நான் அட்டையின் மேல் மார்க்கர் பேனாவால் "புதன்" என்று தமிழில் எழுதிவிடுகிறேன். வீட்டில் அதற்குப் பெயரே புதன் மாத்திரை.

கிளம்புவதற்கு முன் "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் சார், சரியான்னு பாருங்க" என்று ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்ஸிடம், மருந்து கொடுக்கும் இடத்தில், யாரிடமாவது.

"ஃபைலை ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்கிறாங்க. கேட்டா தரமாட்டேங்கிறாங்க. நாம கேக்கலாமா?"

தாராளமாக. மேலே சொன்ன அதே 2002 விதிகளில், நோயாளியோ அவர் அனுப்பும் ஆளோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அட்மிட் ஆனவர்களின் பதிவுகளை மூன்று வருடம் பாதுகாக்கவும் வேண்டும். வாயால் கேட்காதீர்கள். வெள்ளைத்தாளில் பெயர், ஐ.பி. நம்பர் (அட்மிட் ஆனபோது தரும் எண்), தேதி போட்டு எழுதிக் கொடுத்து, இன்னொரு நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கேட்டால் பாதி இடங்களில் அன்றைக்கே வந்துவிடுகிறது. அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

வந்த காகிதங்களைத் தேதி வாரியாக, புதியது மேலே வருமாறு ஒரே ஃபைலில் வையுங்கள். முதல் பக்கம் நீங்களே எழுதுங்கள்: எந்த வருடம் நோய் வந்தது, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள், எதை ஏன் நிறுத்தினார்கள். புது டாக்டர் முழு ஃபைலையும் புரட்ட மாட்டார், அந்த ஒரு பக்கத்தைப் படிப்பார். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழையில் மஞ்சப்பை நனைந்து பத்து வருட ரிப்போர்ட் கூழாகிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

"அவங்க கடையிலதான் மருந்து வாங்கணும், அவங்க லேபுலதான் டெஸ்ட் எடுக்கணுமா?"

இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது தெளிவாக இருக்கிறது. அதே மருந்தின் பொதுப்பெயர் மாத்திரை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் சின்னது இல்லை.

"வேற டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டலாமான்னு இருக்கு. இவருக்குத் துரோகம் பண்றமாதிரி ஆகாதா?"

ஆகாது. இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதும் அந்தச் சாசனத்தில் உள்ள உரிமைதான். ஆபரேஷன், விலை கூடிய ஊசி மருந்து, "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்ற வார்த்தை, இந்த மூன்றுக்கும் கட்டாயம் இரண்டாவது ஆளைக் கேளுங்கள் என்பேன். ஆனால் மாதம் ஒரு டாக்டராக மாற்றாதீர்கள். சரவாங்கி மருந்துகள் வேலை செய்யவே வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். ஆறாவது வாரத்தில் ஆளை மாற்றினால் எந்த மருந்துமே வேலை செய்யாததுபோலத்தான் தெரியும்.

"நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடறேன். சொன்னா திட்டுவார். சொல்லணுமா?"

திட்டினாலும் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்களுக்கு கல்லீரலைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அடிக்கடி எடுப்பார்கள். அது ஏறினால், எதனால் ஏறியது என்று அவர் கண்டுபிடிக்க எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். படித்த சித்த மருத்துவரிடம் போகிறீர்கள் என்றால் அவரிடமும் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.

எனக்குப் பயமெல்லாம் லேபிள் இல்லாத பொட்டலங்களைப் பற்றித்தான். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் அந்தப் பொட்டலத்தையே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

"கூட வர்ற மகனே எல்லாத்தையும் பேசிடறான். நான் வாயே திறக்க முடியலை."

அன்பினால்தான் பேசுகிறான். ஆனால் டாக்டர் உங்களைப் பார்க்காமல் அவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "உடம்பைப் பத்தி நான் சொல்றேன் தம்பி, மருந்து விவரத்தை நீ எழுதிக்கோ." எழுதிக்கொள்ளும் வேலை கொடுத்துவிட்டால் பேசுவது தானாகக் குறையும்.

மாமியார் எதிரிலோ கணவர் எதிரிலோ சொல்ல முடியாதது இருந்தால், "நான் கொஞ்சம் தனியாப் பேசணும் டாக்டர்" என்று ஒரே வாக்கியம். பெண்கள் ஆண் டாக்டரிடம் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு பெண் கூட இருக்க வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. ஒருவேளை இதைப் படிப்பது கூட வருகிறவர் என்றால், பதில் தெரிந்தாலும் ஒரு நொடி பொறுங்கள். அம்மாவே சொல்லட்டும்.

"ஆபரேஷனுக்கு நிறைய தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. படிக்காம போட்டுட்டேன். போடலாமா?"

படிக்காமல் போடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். என்ன செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு போடுங்கள். ஒரு பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதத்தை வைத்துக்கொண்டு, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், ஆபரேஷனே செய்துவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். சுயநினைவுக்கு வந்தால் தானே முடிவு சொல்லக்கூடிய ஒரு பெண்ணுக்கு அது செல்லாது என்றது நீதிமன்றம்.

சரவாங்கிக்காரர்களுக்கு இங்கே ஒரு விஷயம் கூடுதல். நோய் கழுத்து எலும்பின் மேல்பகுதியையும் தளர்த்தியிருக்கலாம். மயக்கம் கொடுக்கும்போது குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அதனால் எந்த ஆபரேஷன் ஆனாலும், பல், கண் எதுவானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் "எனக்கு இத்தனை வருஷமா சரவாங்கி, கழுத்து எக்ஸ்ரே பாக்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். ஆபரேஷன் செய்பவருக்குத் தெரியும், எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

"என்னைப் பார்த்தா ஊனம் தெரியாது. மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் எனக்குக் கிடைக்குமா?"

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 மொத்தம் 21 வகைகளைச் சொல்கிறது. ஹீமோஃபீலியா, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. சரவாங்கி பெயரோடு இல்லை. ஆனால் அதனால் கை கால் இயக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்பதை இயக்கக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு அளந்து சதவீதம் தரும். வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீதமாவது வேண்டும். கிட்னி செயலிழப்பு அந்த 21-இல் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் கேட்கும்போது இதைச் சொல்ல எனக்கு நா எழுவதில்லை, ஆனாலும் உண்மை அதுதான்.

நான் முதல் தடவை முகாமுக்குப் போனபோது, வலிக்காமல் இருக்கட்டும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு போனேன். கையை மடக்கச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிக் காட்டினேன். 30 சதவீதம். வெள்ளை அட்டைதான், அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் கேட்க முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து எக்ஸ்ரே, ஃபைலின் முதல் பக்கம் எல்லாவற்றோடும் போய், சாதாரண நாளில் எப்படி இருக்கிறேனோ அப்படியே இருந்தேன். 45 கிடைத்தது. கூட்டியும் சொல்ல வேண்டாம், நன்றாக இருப்பதுபோலக் காட்டவும் வேண்டாம். முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எப்படி என்று சொல்வார்கள்.

அட்டை வந்த பிறகு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்பார். இதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அட்டையைக் காட்டுங்கள், போதும்.

"ஆபீஸ்ல சொன்னா வேலை போயிடுமோன்னு மறைச்சிட்டிருக்கேன். சொல்லலாமா?"

அரசு வேலை என்றால் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை வேலையைவிட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும்.

தனியாரில் அவ்வளவு கெட்டியான பாதுகாப்பு இல்லை, அதை மறைக்க மாட்டேன். நான் ஒரு மில் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐந்து வருடம் மறைத்தேன். காலையில் கை வராமல் தாமதமாகப் போய், சோம்பேறி என்று பெயர் எடுத்தேன். கடைசியில் நோயைச் சொல்வதைவிட, வேண்டியதைச் சொல்வது என்று முடிவு செய்தேன். ஒரு பக்கக் கடிதம்: ஒன்பதுக்குப் பதில் பத்து மணிக்கு வந்து ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறேன், மாடியில் இருந்து கீழ்த்தளத்துக்கு இடம் மாற்றிக் கொடுங்கள், மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி விடுப்பு. கூடவே டாக்டர் சான்றிதழ். மூன்றில் இரண்டு கிடைத்தது. மாடி ஏறிக்கொண்டுதான் இருந்தேன், அடுத்த வருடம் மறுபடி கேட்டேன், அதுவும் கிடைத்தது. இதையெல்லாம் வாயால் பேசிவிட்டு வராதீர்கள். மேனேஜர் மாறுவார், கடிதம் ஃபைலில் இருக்கும்.

"வீட்ல கல்யாணப் பேச்சு நடக்குது. மாத்திரை சாப்பிடறதைச் சொல்லணுமாக்கா?"

முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். பெஞ்சில் இருக்கும் இளம் பெண்கள் பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட், லெஃப்ளுனோமைடு இரண்டும் கர்ப்ப காலத்தில் கூடாது. பிள்ளை வேண்டும் என்றால் மாதங்களுக்கு முன்பே டாக்டர் சொல்கிறபடி நிறுத்தி, பாதுகாப்பான வேறு மருந்துக்கு மாற வேண்டும். உங்களுக்குக் கல்யாணம் ஆகப்போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மாப்பிள்ளை வீட்டில் சொல்வது பற்றி என் கருத்து: சொல்ல வேண்டும், ஆனால் முதல் நாளே தரகரிடம் இல்லை. இரண்டு பேருக்கும் பிடித்து, நிச்சயத்துக்கு முன்னால், அந்தப் பையனிடம் நீங்களே சொல்லுங்கள். முடிந்தால் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சொன்னதால் தட்டிப்போன இடங்களும் எனக்குத் தெரியும். மறைத்துக் கல்யாணம் பண்ணி, குளியலறையில் ஒளித்து வைத்து மாத்திரை சாப்பிட்ட பெண்ணையும் தெரியும். அவள் பட்ட பாடு அதைவிடப் பெரிது.

"இன்சூரன்ஸ் கம்பெனி 'ஏற்கெனவே இருந்த நோய்'னு பணம் தரமாட்டேன்னுட்டாங்க. அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று விடாதீர்கள். மறுத்த காரணத்தை எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024 ஏப்ரல் முதல் வந்த விதிப்படி, பாலிசி எடுக்கும்போது சொன்ன பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான். தொடர்ந்து 60 மாதம் கட்டியபின், மோசடி நிரூபணமானால் தவிர, நீ அப்போது சொல்லவில்லை என்று மறுக்க முடியாது. இதனால்தான் பாலிசி எடுக்கும்போது சரவாங்கியை மறைக்கவே கூடாது. ஏஜென்ட் "எழுத வேண்டாம்கா" என்பார். பணம் கேட்கும் நாளில் அவர் வரமாட்டார்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், உங்கள் ஃபைலின் முதல் பக்கம் இங்கேயும் உதவும்.

"ஆஸ்பத்திரி மேலயே புகார் கொடுக்கணும்னா யார்கிட்ட போறது?"

அன்றைக்கே தீர வேண்டிய பிரச்சினை என்றால் அங்கேயே மேலே உள்ளவரிடம்: அரசு ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ. என்கிற நிலைய மருத்துவ அலுவலர், தனியாரில் நிர்வாக அலுவலர். பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் நான் சொன்ன சாசனத்தில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிட்டுக் கூடப் பணம் கேட்டால் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

பெரிய தவறு நடந்திருந்தால் வழிகள் வேறு வேறு. டாக்டரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். தனியார் ஆஸ்பத்திரி பற்றி மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர். நஷ்ட ஈடு என்றால் நுகர்வோர் ஆணையம், அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. எங்கே போனாலும் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். எவ்வளவு வேதனைப்பட்டோம் என்று நாலு பக்கம் எழுதத் தோன்றும், தோன்றுவது நியாயம்தான். அதை வேறு தாளில் எழுதி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பேசிப் பேசி அலுத்துப்போச்சு. ஒவ்வொரு தடவையும் நானே மல்லுக்கட்டணுமா?"

வேண்டாம். இந்த நோயின் பாதியே களைப்புதான். அதையும் டாக்டரிடம் சொல்லலாம், அதுவும் நோயின் அறிகுறிதான். எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் பேச வேண்டியதில்லை. நான் ஒரு மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன். சர்டிபிகேட் வேலை நடக்கும் மாதத்தில் இன்சூரன்ஸைத் தொடமாட்டேன். முடியாத நாளில் காலண்டர் தாளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் படிக்கப் படிக்கத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"திடீர்னு எங்கயாவது மயங்கி விழுந்துட்டா? அப்ப யார் நமக்காகப் பேசுறது?"

அதற்கும் ஒரு தாள் இருக்கிறது. தபால் அட்டையில் பாதி அளவு, லேமினேட் செய்து பஸ் அட்டையோடு பர்ஸில் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் இரண்டு. சரவாங்கி, 16 வருடம். மெத்தோட்ரெக்ஸேட் புதன் மட்டும். ஸ்டீராய்டு தினமும், திடீரென்று நிறுத்தக் கூடாது. சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாது. கழுத்தைப் பார்த்துக் கையாளவும்.

மருந்து மாறினால் அந்த வாரமே அட்டையையும் மாற்றுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாய், முப்பது ரூபாய்தான் ஆகும். போனிலும் போட்டு வைக்கலாம், ஆனால் போன் பூட்டியிருக்கும், சார்ஜ் இருக்காது. பர்ஸில் முதல் அறையில், பணத்துக்கு முன்னால் வையுங்கள். யார் திறந்தாலும் முதலில் அதுதான் கையில் வரவேண்டும்.